கூரத்தார் கடன் பெற்ற கதை

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்னும் சிற்றூரை, உடையவர் எனப்படும் இராமானுஜரின் சீடரான கூரத்தாழ்வானின் ஜன்மபூமி என்று வைஷ்ணவர்களும், முதலாம் பரமேசுவர பல்லவன் செப்பேடு அளித்த ஸ்தலம் என்று சரித்திர ஆசிரியர்களும் போற்றுவார்களாயினும், பொருளியல் பயிலும் மாணாக்கனுக்கு அவ்வூர் புகட்டும் பாடம் வேறொன்று.

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில், உத்தம சோழனின் 16ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டு, இன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் செப்பேடுகள், காஞ்சி ஊரகத்துத் திருமால் கோயிலின் முதலீடுகளை விவரிக்கின்றன. அக்கோயிலிடமிருந்து கூரத்துச் சபையாரும் ஆரியப்பெரும்பாக்கத்தாரும் 250 கழஞ்சு பொன் பெற்று, ஆண்டுதோறும் 500 காடி நெல்லை வட்டியாக அளக்கக் கடமைப்பட்டிருந்தார்கள். அதாவது கழஞ்சுக்கு இரண்டு காடி. சிவந்த மஞ்சாடி வித்துகள் இருபதின் எடையே ஒரு கழஞ்சு என்பதை நினைத்து, உள்ளங்கையில் அவ்வித்துகளை எண்ணிப் பார்த்தால், அக்கடனின் கனம் நமக்குப் புலப்படும்.

முதல் பொன்னாகவும் வட்டி நெல்லாகவும் அமைந்ததில் உள்ள நுட்பத்தை நான் பெரிதும் வியக்கிறேன். நெல்லின் விலை ஏறினும் இறங்கினும் திருவமுதுக்குரிய அளவு குறையாது. மழை பொய்க்கும் ஆண்டின் பாரமோ சபையாரின் தலையில் விழும். பணத்தின் மதிப்பு மாறுவதால் யாருக்கு நஷ்டம் என்று 1935இல் தோன்றிய ரிசர்வ் வங்கி இன்றும் ஆராயும் வினா, அன்று கூரத்து வயல்வெளியில் இவ்வாறு தீர்க்கப்பட்டிருந்தது.

அதே கோயிலின் பொன்னைக் காஞ்சி நகரத்துச் சேரிகள் என்னும் குடியிருப்புகளும் வட்டிக்கு ஏற்றிருந்தன; கோயிலின் கணக்கு வழக்குகளை மேற்பார்வை செய்யும் பொறுப்பு நெசவாளரிடமும் நகரத்தாரிடமும் ஒப்படைக்கப்பட்டிருந்தது.