கூரை மடங்கும் காரும் அதை விற்பவன் கடமையும்

அமெரிக்க தேசத்தில் மோட்டார் கார் பிறந்து வளர்ந்த ஆரம்ப காலத்தில் நிலையான கூரை என்பது செல்வந்தர்களுக்கு மட்டுமே உரிய விசேஷமாக இருந்தது. 1919ஆம் ஆண்டில் அங்கே விற்பனையான கார்களில் சுமார் 10 சதவீதமே மூடிய கார்கள். மற்றவையெல்லாம் மழை வந்தால் துணிப் படுதாவை இழுத்து மூடிக்கொண்டு ஓடியவை. எஸ்ஸெக்ஸ் போன்ற கம்பெனிகள் மூடிய காரை மலிவாக்கியதும், குடும்பத்தோடு பிரயாணம் செய்வோர் அனைவரும் அதை நாடினார்கள். 1927இல் மூடிய கார்கள் 85 சதவீதமாயின. இவ்வாறு அவசியம் என்ற ஸ்தானத்தை இழந்த திறந்த கார், கண்ணாடி ஜன்னல்களும் இறுக்கமாக மூடும் துணிக் கூரையும் பெற்று, கன்வெர்டிபிள் என்ற பெயரோடு உல்லாச வாகனமாக மறுபிறவி எடுத்தது.

1939இல் பிளிமத் கம்பெனி, பொத்தானை இயக்கினால் தானே எழுந்து மடங்கும் கூரையை அறிமுகப்படுத்தியது. யுத்தம் முடிந்து தேசத்தில் செல்வம் பெருகியபோது கன்வெர்டிபிளின் பொற்காலம் தொடங்கிற்று. 1953ஆம் ஆண்டு அந்தச் சரித்திரத்தில் மறக்கத் தகாதது. கடிலாக் எல்டொராடோ என்ற புதிய காரில் நின்றபடிதான் ஜனாதிபதி ஐசன்ஹோவர் தமது பதவியேற்பு விழா ஊர்வலத்தில் ஜனங்களுக்குக் கை அசைத்தார். அதன் விலை 7,750 டாலர். அவ்வாண்டில் செய்யப்பட்டவை 532 மட்டுமே. அதே ஆண்டில் வெளிவந்த பியூக் ஸ்கைலார்க் 1,690. வெள்ளை வர்ணமும் உள்ளே சிவப்பு ஆசனங்களுமாக வெளிவந்த முதல் செவ்ரலே கார்வெட் 300. 1957இல் போர்டு கம்பெனி ஸ்கைலைனர் என்ற காரில் உருக்குக் கூரையையே மடித்துப் பின்பெட்டிக்குள் அடக்கிக் காட்டியது. அந்த அற்புதத்துக்கு ஆயுள் 1959 வரைதான்.

1960களின் மத்தியில் உச்சத்தை எட்டிய கன்வெர்டிபிள் அதன் பின் வெகு வேகமாகச் சரிந்தது. இதற்குக் காரணங்கள் பல. காருக்குள் குளிர்சாதனம் வந்தபின் காற்றுக்காகக் கூரையைத் திறக்கும் தேவை குறைந்தது. நெடுஞ்சாலைகளின் வேகத்தில் துணிக் கூரை ஓலமிட்டது. கத்தியால் கிழித்தால் திருடனுக்கு வழி கிடைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கார் கவிழ்ந்தால் உள்ளிருப்போரைக் காக்கும்படி அரசாங்கம் விதிக்கவிருந்த கட்டுப்பாடுகளுக்குக் கம்பெனிகள் அஞ்சின. ஒவ்வொன்றாக அவை இத்தொழிலைக் கைவிட, கடைசியில் கடிலாக் மாத்திரம் எஞ்சியது. 1976 ஏப்ரல் 21ஆம் தேதி, டெட்ராய்ட் நகரின் தொழிற்சாலையிலிருந்து, இதுவே கடைசி என்ற அறிவிப்போடு ஓர் எல்டொராடோ கன்வெர்டிபிள் வெளிவந்தது. அவ்வாண்டில் செய்யப்பட்ட 14,000இல் இறுதி 200ம் ஒரேவிதமாக வெள்ளை வர்ணம் தீட்டப்பட்டவை.

இனி இப்படிப்பட்ட கார் உலகில் பிறக்காது என்று நம்பிய பலர், குறித்த விலைக்கு மேலும் கொடுத்து அவற்றை வாங்கி, ஓட்டாமல் கொட்டகையில் பூட்டி வைத்தார்கள். ஆனால் 1982இல் கிறைஸ்லர் கம்பெனி லெபாரன் காரில் மடங்கும் கூரையை மீட்டுக்கொண்டுவந்தது. 1984இல் கடிலாக்கும் எல்டொராடோவைத் திறந்த காராகவே மறுபடி விற்றது. ஏமாந்தவர்கள் கம்பெனியின் மீது வழக்குத் தொடுத்தார்கள். வெறும் அருமையை நம்பிப் பொருளைச் சேர்ப்பவனுக்கும் அபிமானத்தால் பொருளைக் காப்பவனுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்நிகழ்ச்சியைப் போலத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை.

அபிமானிகளின் மரபோ இதற்கு வெகு முன்பே வேரூன்றியிருந்தது. பழைய கார்களை நேசிப்போர் 1935இலேயே அமெரிக்க ஆன்டீக் ஆட்டோமொபைல் கிளப்பை நிறுவினார்கள். 1954இல் இல்லினாய் மாநிலத்துக் குவின்ஸி நகரில், எர்னஸ்ட் ஹெம்மிங்ஸ் என்பவர் பழைய கார்களுக்கும் உதிரி பாகங்களுக்குமான விளம்பரங்களைத் தொகுத்து ஒரு பத்திரிகை தொடங்கினார். எங்கோ ஒரு கொட்டகையில் கிடக்கும் கதவுப் பிடிக்கும், ஆயிரம் மைலுக்கப்பால் அதைத் தேடித் தவிக்கும் மனிதனுக்கும் அது பாலமாயிற்று. பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில் அந்தக் கிளப் 1955இல் ஆரம்பித்த இலையுதிர் காலக் கூட்டம், காலப்போக்கில் பழைய பாகங்கள் கைமாறும் மாபெரும் சந்தையாகப் பெருகிற்று. டூசன்பர்க் கார்களோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்தியானாவின் ஆபர்ன் நகரிலும், அரிஸோனாவின் ஸ்காட்ஸ்டேலிலும் 1971இல் ஏலங்கள் தொடங்கின. அதுவரை தோட்டத்து வாசலில் இருவர் கைகுலுக்கி முடித்த வியாபாரம், மேடையும் விளக்கும் மணியொலியும் கொண்ட பெருவர்த்தகமாயிற்று.

விலை உயர்ந்தபோது பொய்யும் உடன் உயர்ந்தது. அக்காலத்து ஓடோமீட்டரில் மைல்களுக்கு ஐந்து இலக்கங்களே உண்டாகையால், ஒரு லட்சம் மைலைத் தாண்டிய கார் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும். ஆகவே குறைந்த மைல் என்ற வார்த்தைக்கு ரசீதுகளின் சாட்சியம் இல்லாமல் மதிப்பில்லை. கணக்கைப் பின்னோக்கித் திருப்புவதை 1972இல் ஒரு மத்தியச் சட்டம் குற்றமாக்கியது. இயந்திரத்தில் பொறித்த எண்ணும், உடற்கூட்டுத் தகட்டில் பொறித்த வர்ணக் குறியீடும், அந்தக் கார் எப்படிப் பிறந்தது என்பதற்கு அத்தாட்சிகள். இரண்டு கதவு கார் ஒன்றின் கூரையை அறுத்துக் கன்வெர்டிபிளாக வேஷமிடச் செய்வோரும் இருப்பதால், தேர்ந்தவர்கள் முதலில் அத்தகட்டையே நோக்குவார்கள்.

கூரையில்லாக் காரில் உறுதி முழுவதையும் அடிச்சட்டமே சுமக்க வேண்டியிருந்ததால், கம்பெனிகள் அதற்குக் குறுக்கே எக்ஸ் வடிவில் தண்டுகள் கொடுத்துப் பலப்படுத்தின. அது துருப்பிடித்து இளகினால் கதவுகள் தொங்கும். கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலே குறுகியும் கீழே அகன்றும் தோன்றும். பட்டி பூசி மறைத்த தகட்டில் காந்தம் ஒட்டாது. கூரையைத் தூக்கும் சிலிண்டர்களில் எண்ணெய் கசியும். பின்புறத்துப் பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளாகும். வாங்க வருபவர் கேட்குமுன் இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, குளிர்ந்திருக்கும் இயந்திரத்தை அவர் எதிரிலேயே முதன்முறை முடுக்கிக் காட்டுபவனே நல்ல விற்பனையாளன். முன்பு பளபளக்கப் புதுப்பித்ததற்குத்தான் மரியாதை. இன்றோ தொழிற்சாலை தீட்டிய வர்ணம் மங்கியிருந்தாலும் அதை அழிக்காமல் காத்ததற்குத் தனி மதிப்பு உண்டாகியிருக்கிறது. ஏனெனில் புதுப்பிப்பதைப் பலமுறை செய்யலாம். அசலாக இருக்கும் பாக்கியம் ஒரு காருக்கு ஒரே தடவைதான்.

எனவே இத்தகைய காரை விற்க முற்படுகிறவர்கள் விலையை நிர்ணயிக்கு முன் அதன் சரித்திரத்தை எழுதி வைக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம். வாங்கிய ரசீது முதல் கடைசியாக மாற்றிய டயர் வரை கடுதாசிகளை அடுக்கி, செய்த பழுதும் செய்யாத பழுதும் இன்னவை என்று வெளிப்படையாகக் கூறி, சாவியோடு அந்தக் கட்டையும் ஒப்படைக்க வேண்டும். பணம் செலவாகிவிடும்; ஆனால் விற்றவர் எழுதிக் கொடுத்த உண்மை, அந்தக் கார் ஓடும் காலம் வரை அடுத்தடுத்து வரும் உடைமையாளர்களுக்குப் பயன்படும்.