இலஞ்சியும் எலெங்கியும்: ஒரு மரப்பெயரின் வரலாறு

மகிழமரம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயல்பாக வளரும் பசுமைமாறா மரமாகும். அதன் சிறிய வெண்ணிறப் பூக்கள் உலர்ந்த பின்னரும் மணம் குன்றுவதில்லை. துவர்ப்புடைய அதன் பட்டை பல், ஈறு நோய்களுக்கு மருந்தாக நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

இம்மரம் தமிழில் வகுளம், மகிழ், இலஞ்சி என வழங்கப்பெறும். குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் வகுளம் இடம்பெறுகிறது. மகிழ்மாலை அணிந்தவராகத் தம்மைத் திருவாய்மொழியில் குறிக்கும் நம்மாழ்வார் வகுளாபரணர் எனப் போற்றப்பெறுகிறார். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் சுந்தரர் சூளுரைத்தது மகிழின்கீழ் என்பது பெரியபுராணச் செய்தி. இவ்வாறு முதலிரு பெயர்களும் இலக்கியத்தாலும் சமயத்தாலும் நிலைபெற்றன. மூன்றாம் பெயர் நிலைபெற்ற வழி வேறு.

இலஞ்சி என்பதே மலையாளத்தில் இலஞ்ஞி என வழங்குகிறது. கொச்சியில் டச்சுக் கம்பெனியின் மலபார் ஆளுநராக இருந்த வான் ரீட், அந்நாட்டு மருந்துச் செடிகளை ஆராயச் செய்து ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் இலத்தீன் நூலை உருவாக்கினார். அது 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. முதல் தொகுதியிலேயே இம்மரம் ‘எலெங்கி’ என்னும் பெயரில் படத்துடன் விளக்கப்பெற்றுள்ளது. லின்னேயஸ் 1753இல் அப்பெயரை ஏற்று, இம்மரத்திற்கு ‘மிமுசோப்ஸ் எலெங்கி’ எனப் பெயரிட்டார்.

அறிவியல் மரபில் இப்பெயர் லின்னேயஸ் பெயரோடு மட்டுமே இணைத்து எழுதப்பெறுகிறது. ஆயின் அந்நூலுக்குச் செய்தி வழங்கியோர் யாவர் என்பதற்கு நூலே சான்று. ஈழவ மருத்துவரான இட்டி அச்சுதன், கொங்கணி அந்தணர்களான ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் ஆகியோர் 1675இல் அளித்த உறுதிமொழிகள் முதல் தொகுதியில் அவரவர் எழுத்திலேயே அச்சாகியுள்ளன. இலத்தீனில் அமைந்த இந்நூல், அவர்தம் நாட்டாருக்கு எட்டாமலே நெடுங்காலம் இருந்தது. கா. சு. மணிலால் உழைப்பால் 2003இல் ஆங்கிலத்திலும் 2008இல் மலையாளத்திலும் முழுமையாக வெளிவந்தது.

ஆகவே ‘எலெங்கி’ வெறும் இலத்தீன் அடைமொழியன்று. மண்ணின் மருத்துவர் வாய்ச்சொல்லாகும். தாவரப் பெயர்களைச் சொல்லாராய்ச்சிக்கு மட்டுமன்றி, அறிவு வரலாற்றுக்கும் ஆவணமாகக் கொள்ள வேண்டும் என்பதை இம்மரப்பெயர் உணர்த்துகிறது.