கணக்கு மாத்திரை

நான் படித்தது பிரெஞ்சு மீடியம் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். மாதாமாதம் வீட்டுக்கு ஒரு நோட்டு வரும். அப்பா கையெழுத்துப் போட வேண்டும். என் நோட்டில் முசியே எழுதும் சொல் பெரும்பாலும் ஒன்றுதான்: 'பரெசோ'. சோம்பேறி. அப்பாவுக்கும் பிரெஞ்சு தெரியும். ஆகவே மாற்றிச் சொல்லித் தப்பிக்க வழியில்லை.

போன வருடம் என் பேரனுக்கு ஏ.டி.எச்.டி. என்றார் டாக்டர். கவனக் குறைபாடு. பாடம் தெரியாத பிள்ளை இல்லை. நோட்டைத் திறந்து முதல் வரி எழுதுவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். அதற்காக நானும் அவனைப் பலமுறை 'சோம்பேறிப் பயலே' என்று திட்டியிருக்கிறேன். டாக்டர் சொன்ன அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு இதைப்பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படிக் கிடைத்ததுதான் இந்தச் சரித்திரம்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஜார்ஜ் பிராட்லி என்றொரு பணக்காரர் இருந்தார். அவருடைய ஒரே மகள் எம்மாவுக்கு ஏழு வயதில் மூளையில் அழற்சி வந்தது. அதன்பின் அவள் தேறவே இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக அவர் சொத்தை எழுதிவைத்தார். 1931இல் அங்கே மருத்துவமனை திறக்கப்பட்டது. பின்னாளில் அதை நடத்தியவர் அவருடைய உறவினர், டாக்டர் சார்லஸ் பிராட்லி.

அந்தக் காலத்தில் மூளையை எக்ஸ்ரே எடுக்க முதுகுத்தண்டு நீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்துவார்கள். பிள்ளைகள் தலைவலியில் துடித்துப் போவார்கள். அதற்கு பென்செட்ரின் என்ற மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார் பிராட்லி. தலைவலி ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் மருத்துவமனைப் பள்ளியின் ஆசிரியர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள்: சில பிள்ளைகள் தாங்களாகவே பாடத்தில் உட்கார்ந்தார்கள்!

அவர் 30 பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தார். 14 பேர் படிப்பில் பெரிய மாற்றம். நிறுத்திய அன்றே பழைய கதை. 1937இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் 'கணக்கு மாத்திரை'. ஒரு வாரத்தில் யாருக்கும் அறிவு கூடிவிடாது. தெரிந்த கணக்கைப் போட உட்கார முடிந்தது, அவ்வளவுதான். மாத்திரைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அது டாக்டர் பாடு. ஆனால் அந்தப் பிள்ளைகள் சோம்பேறிகள் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அந்தக் கட்டுரையை வெகுகாலம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 'கவனக் குறைபாடு' என்ற பெயரே அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 1980இல்தான் ஏறியது. 1960களில் எங்கள் முசியேவிடம் இருந்தது 'பரெசோ' ஒன்றுதான். அவரை என்ன சொல்ல?

எனக்கும் இது இருந்ததா என்று இந்த வயதில் யாரிடமும் கேட்கப் போவதில்லை. ஆபீசில் என் மேஜையில் கோப்புகள் வாரக்கணக்கில் தூங்கும். எங்கள் பியூன் ஒருவர், மாலை டீயை வைத்துவிட்டு எதிரிலேயே நிற்பார். "சார், தேதியை மட்டும் போடுங்க." தேதி போட்டால் பார்வை எண் வரும், அது வந்தால் குறிப்பும் வந்துவிடும். ஐந்து மணிக்குள் மூன்று கோப்பு முடித்த நாளும் உண்டு.

இப்போது மாலையில் பேரன் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்கிறேன். "தேதியை மட்டும் போடுப்பா, தாத்தா இங்கேதான் இருக்கேன்." நேற்று தேதியோடு பெயரையும் எழுதினான். பிறகு கால் மணி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.