மைசூர் ஏரிகளில் ஊட்டச்சத்துச் சுழற்சி

தழைச்சத்து, மணிச்சத்து, கரிமம் முதலியவை மண், நீர், காற்று, உயிர்கள் ஆகியவற்றினூடே சென்று மீண்டும் திரும்பும் இயக்கம் ஊட்டச்சத்துச் சுழற்சி எனப்படும். ஆற்றலுக்கு இப்படித் திரும்பி வரும் வழி இல்லை. வெயிலாக ஏரிக்கு வரும் ஆற்றலைப் பாசி பிடித்துக்கொள்கிறது. பாசியிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து பறவைக்கும் போகும்போது ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி வெப்பமாகக் கழிந்துவிடுகிறது. அடுத்த படிக்குச் சேர்வது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. டன் கணக்கில் பாசி வளரும் ஏரியில்கூடக் கூழைக்கடாக்களை எண்ணிவிட முடிவது இதனால்தான்.

இவற்றை ஆராயும் துறை ஏரிகளில் பிறந்தது என்றே சொல்லலாம். ஆர்தர் டான்ஸ்லி 1935இல் சூழல் மண்டலம் என்னும் கருத்தை முன்வைத்தார். மின்னசோட்டாவின் சீடர் பாக் ஏரியை ஆராய்ந்த ரேமண்ட் லிண்டமன், உயிர்களை உணவுப் படிகளாகப் பிரித்து, படிக்குப் படி ஆற்றல் எவ்வளவு குறைகிறது என்று கணக்கிட்டார். வெறும் ஊகம் மிகுதி என்று மதிப்பீட்டாளர்கள் அவர் கட்டுரையைத் தள்ளினர்; சூழலியலாளர் ஹச்சின்சன் பரிந்து பேசியதால் 1942இல் வெளிவந்தது. அச்சில் பார்க்க லிண்டமன் இல்லை. அதற்குச் சில மாதங்கள் முன்பே, 26 வயதில் இறந்துவிட்டார். பின்னாளில் கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் ஓர் ஏரியைத் திரைபோட்டு இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியில் கரிமமும் தழைச்சத்தும் இட்டார். மறுபாதியில் அவற்றோடு மணிச்சத்தையும் சேர்த்தார். மணிச்சத்து சேர்ந்த பாதி மட்டும் பச்சையாக மாறியது. பெரும்பாலான நன்னீர் ஏரிகளில் பாசி வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது மணிச்சத்தே.

மைசூரின் குக்கரஹள்ளி ஏரி மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1864இல், பாசனத்துக்காக அமைக்கப்பட்டது. இன்று மைசூர் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் இங்கே மீன் பிடிக்கின்றன. கூடுகட்டும் மரங்களின் இலைகள் எச்சத்தால் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கும். அடுத்த மழையில் அது நீரில் கலந்து மறுபடி பாசிக்கு உணவாகிறது. இந்தச் சுழற்சியின் பயனை விஞ்ஞானிகளுக்கு முன்பே உழவர்கள் அறிந்திருந்தனர். வேடந்தாங்கலில் எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்று கண்ட ஊரார், பறவைகளைச் சுடக் கூடாதென முறையிட்டு, 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உரிமை பெற்றனர். சூழலியல் வரலாற்றில் இதற்குரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

நகரத்தில் இச்சுழற்சி அறுந்துவிடுகிறது. மண்டி மொஹல்லா போன்ற பழைய வணிகப் பகுதிகளுக்கு வந்திறங்கும் ஒவ்வொரு தானிய மூட்டையிலும் ஏதோ ஒரு வயலின் மணிச்சத்து இருக்கிறது. உண்டபின் அது கழிவாகச் சாக்கடைக்குப் போகிறது; வந்த வயலுக்குத் திரும்புவதில்லை. அந்த வயலுக்கு உர மூட்டை வாங்கிப் போட வேண்டியிருக்கிறது. மைசூர் மேட்டு நிலம். வடசரிவின் நீர் காவிரியை நோக்கியும் தென்சரிவின் நீர் கபினியை நோக்கியும் வடிகிறது. கபினி திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு சேர்வதால், இரு சரிவுகளிலிருந்தும் கரைந்து வருவது கடைசியில் மேட்டூரை நோக்கியே இறங்குகிறது. மேட்டூர் நீர்த்தேக்கத்தின் நீர் சில ஆண்டுகளில் பச்சைப்பாசி படர்ந்து நாற்றமெடுப்பதற்குக் கழிவுநீரும் உரமும் கொண்டுவரும் சத்துகளே காரணம்.

சத்து மிகுந்த ஏரியில் பகலில் பாசி உயிர்வளி வெளியிடுகிறது. இரவில் அதே பாசியும், அழுகலைத் தின்னும் நுண்ணுயிர்களும் அதை இழுத்துக்கொள்கின்றன. விடியுமுன் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதனால்தான். மடிந்த பாசி அடியில் சேறாகப் படியும். சேற்றில் உயிர்வளி தீர்ந்ததும் அதில் பிணைந்திருந்த மணிச்சத்து மறுபடி நீரில் கரையும். எனவே கழிவை நிறுத்திய பிறகும் ஏரி பல ஆண்டுகள் பச்சையாகவே இருக்கக்கூடும். கோடையில் வண்டலை அள்ளி வயலில் கொட்டும் பழைய வழக்கம் இச்சத்தை நிலத்துக்கே திருப்பியது.

ஏரிகளில் சேரும் கழிவைக் குறைக்க, தற்போது மைசூரில் வித்யாரண்யபுரம், கெசரே, ராயன்கெரே ஆகிய இடங்களில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளன.