பெரிய வீட்டிலிருந்து சிறிய வீட்டுக்கு: முதுமையில் குடிபெயர்தல் குறித்து நம் வரலாறு சொல்வது



சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் நம்மருகில் வந்து அமர்ந்தார். எழுபதைக் கடந்தவர். தம் தகப்பனார் கட்டிய பெரிய வீட்டின் கீழ்த்தளத்தை மூத்த மகளுக்கும் மாடியை இளைய மகளுக்கும் திருமணத்தின்போதே எழுதிக் கொடுத்துவிட்டவர். அதன்பின் அவரும் அவர் துணைவியாரும் முற்றத்துக்கு அப்பாலிருந்த ஓர் அறையில் தங்கி வந்தனர். இரவில் கழிப்பறைக்குச் செல்ல முற்றத்தைக் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்த அம்மையார் ஒருமுறை வழுக்கி விழுந்ததும், தம் சேமிப்பைக் கொண்டு இரண்டு தெரு தள்ளி, இரண்டே அறைகள் கொண்ட பழைய ஓட்டு வீடு ஒன்றை அவர் விலை பேசி முடித்தார்.

செய்தி பரவியதும் ஊர் பேசத் தொடங்கிவிட்டது. மகள்கள் பெற்றோரை வெளியேற்றிவிட்டார்கள் என்றனர் சிலர். வயதான காலத்தில் இவருக்கு ஏன் இந்த வீம்பு என்றனர் வேறு சிலர். அவர் நம்மிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “ஹஜ்ரத், பெரிய வீட்டை விட்டுச் சிறிய வீட்டுக்குப் போவது நமக்கு ஒரு குறைவா?”

குறைவில்லை என்று அப்போதே சொன்னோம். ஆயினும், ஏன் குறைவில்லை என்பதை வரலாற்றைக் கொண்டு விளக்குவது நம் கடமையாகத் தோன்றியது. அதன் விளைவே இக்கட்டுரை.

மதீனாவின் சிற்றறைகள்

விசாலமான வீட்டை இஸ்லாம் வெறுக்கவில்லை. மனிதனுக்கு நற்பேறு தரும் பொருள்களில் விசாலமான இல்லத்தையும் நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் கூறியதாக ஹதீஸ் உண்டு. ஆனால் அவர்கள் தம் குடும்பத்தாருடன் வாழ்ந்த இடமோ, பள்ளிவாசலை ஒட்டியிருந்த சிற்றறைகள். அவை பச்சைச் செங்கல்லாலும், பேரீச்ச மட்டைகளின் மேல் மண் பூசியும் எழுப்பப்பட்டவை. வாயில்களில் முரட்டு உரோமத் துணியே திரையாகத் தொங்கியது. தாம் சிறுவராக இருந்தபோது அவ்வறைகளின் கூரையைக் கையால் தொட முடிந்தது என ஹஸன் பஸரி (ரஹ்) அவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

உமையாக் கலீஃபா வலீத் பின் அப்துல் மலிக்கின் காலத்தில், ஹிஜ்ரி 88இல், அதாவது கி.பி. 707இல், பள்ளிவாசலை விரிவாக்கும்பொருட்டு அவ்வறைகளை இடித்துச் சேர்க்குமாறு ஆணை வந்தது. அப்போது மதீனாவின் ஆளுநராக இருந்தவர் உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள். ஆணை வாசிக்கப்பட்ட நாளில் மக்கள் அழுததாக வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். மூத்த தாபியீ ஸயீத் பின் முஸய்யிப் (ரஹ்) அவர்கள், அவ்வறைகளை அப்படியே விட்டிருக்கலாமே என வருந்தினார்கள். நபியவர்கள் எவ்வளவு இடத்தைப் போதுமெனக் கொண்டார்கள் என்பதை வருங்காலத் தலைமுறைகள் கண்ணால் கண்டிருக்கும் என்பதே அவர்களின் ஏக்கம்.

இதே அறைகளைச் சார்ந்த மற்றொரு செய்தி நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தமது இல்லத்தைத் தம் வாழ்நாளிலேயே விற்றார்கள் என இப்னு ஸஅத் (ரஹ்) தமது ‘தபகாத்’ நூலில் குறிப்பிடுகிறார்கள். வாங்கியவர் முஆவியா (ரலி) என்று ஓர் அறிவிப்பும், இப்னு ஜுபைர் (ரலி) என்று மற்றோர் அறிவிப்பும் கூறுகின்றன. ஆனால் இரண்டு அறிவிப்புகளும் ஒரு நிபந்தனையில் ஒன்றுபடுகின்றன: அன்னையவர்கள் உயிரோடிருக்கும் வரை அவ்வில்லத்திலேயே வசிப்பார்கள். கிடைத்த பெரும் தொகையை அவர்கள் தமக்கென வைத்துக்கொள்ளாது பகிர்ந்தளித்துவிட்டார்கள். செல்வத்தைக் கையிலிருந்து விட்டவர்கள், தலைக்கு மேலிருந்த கூரையை விடவில்லை. முதுமையில் கொடுப்பதற்கும் காத்துக்கொள்வதற்கும் இடையே உள்ள எல்லையை இந்நிகழ்ச்சி நமக்குக் காட்டுகிறது. இத்தகைய நிபந்தனையுடன் விற்பது பற்றி ஃபிக்ஹு அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே அவ்வாறு செய்ய நினைப்போர், முன்னதாக ஆலிம் ஒருவரிடம் விளக்கம் பெறுதல் நலம்.

கடலோரத்து வழக்கம்

இனி நம்மவர்களிடம் வருவோம். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களில் பெண் திருமணத்துக்குப் பின்னும் தாய்வீட்டிலேயே இருப்பாள். மருமகனே அங்கு வருவார். கடலுக்கு அப்பால் இலங்கையின் கிழக்குக் கரையிலும், காத்தான்குடி முதல் அக்கரைப்பற்று வரை, முஸ்லிம்களிடையே இவ்வழக்கம் வேரூன்றியிருக்கிறது. அங்கு வாழும் தமிழ் இந்துக்களிடமும் இது உண்டு.

அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008இல் வெளிவந்த தமது நூலில் இவ்வழக்கத்தை விரிவாக விளக்கியிருக்கிறார். மூத்த மகளுக்கு நிக்காஹ் முடிந்ததும் பெற்றோர் வாழ்ந்த வீடே அவளுக்குச் சீதனமாகிறது. பெற்றோர் மற்றப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, அதே வளவிலோ அருகிலோ கட்டிய வேறொரு வீட்டுக்குக் குடிபெயர்கின்றனர். அடுத்த மகளின் முறை வரும்போது அவ்வீடும் கைமாறக்கூடும். இவ்வாறு வாழ்நாளில் ஒருமுறைக்கு மேல் வீடு மாறிய பெற்றோர் அங்கு பலர்.

ஆகவே பெரியவரின் கேள்விக்கு வரலாற்றின் முதல் விடை இதுதான்: நம் கடலோரச் சமூகத்தில் மூத்தோர் தம் வீட்டை விட்டு வேறு வீட்டுக்குச் செல்வது குடும்பம் உடைந்ததன் அடையாளமாகக் கருதப்பட்டதில்லை. அது கடமை நிறைவேறியதன் அடையாளமாகவே கருதப்பட்டது. மகளின் வீட்டுக்கும் தாயின் வீட்டுக்கும் இடையே சில அடிகளே இருந்தன. காலையில் ஆக்கிய ஆணம் அங்கிருந்து இங்கு வரும். பேரப்பிள்ளைகள் இங்கிருந்து ஓத அனுப்பப்படுவர்.

வழக்கத்தின் நிழல்

எனினும் வழக்கம் என்பதற்காக அதன் குறைகளை மறைத்தல் முறையன்று. மகள்களுக்கு வீடு கட்டுவதற்காகத் தந்தையர் கடனில் மூழ்கினர். மகன்கள் தம் இளமையைச் சகோதரிகளின் வீட்டுச் சுவர்களில் செலவிட்டனர். பிள்ளைகளுக்குள் நீதம் தவறுவதற்கும் இதில் இடமுண்டு. நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் அவர்களின் தந்தை ஓர் அன்பளிப்புக் கொடுத்து, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு கொடுத்தீரா என்று அவர்கள் வினவினார்கள். இல்லை என்றதும் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான இந்நிகழ்ச்சியை, பத்திரம் எழுதப் போகும் ஒவ்வொரு பெற்றோரும் நினைவில் கொள்ள வேண்டும்.

மற்றொரு குறை, எழுத்தில் இல்லாத ஏற்பாடு. 2004 டிசம்பர் 26இல் சுனாமி தாக்கியபோது, கிழக்கிலங்கையின் கடலோரத்தில் மகள்களுக்கென எழுதப்பட்ட வீடுகள் பல அழிந்தன. கிழக்கில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் மீண்டும் கட்டக் கூடாதென அரசு முதலில் அறிவித்தது. பின்னர் அவ்வரம்பு தளர்த்தப்பட்டது. நிவாரண வீடுகள் வழங்கப்பட்டபோது, ‘குடும்பத் தலைவர்’ என்ற பெயரில் அவை பெரும்பாலும் கணவன்மாருக்கே எழுதப்பட்டன. தாய்வழியாகப் பெண்ணிடம் வந்த உரிமை, விண்ணப்பத்தின் ஒரு கட்டத்தில் மாறிப்போயிற்று. ஊரார் அனைவரும் அறிந்த வழக்கமும் அலுவலகத்தின் படிவத்துக்கு முன்னால் நிற்பதில்லை என்பதே இதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

கொடுப்பதன் சட்டம்

பெற்றோர் உயிரோடிருக்கும்போது பிள்ளைக்கு வீட்டைக் கொடுப்பது ‘ஹிபா’ ஆகும். கொடுப்பவர் கொடுத்தேன் எனச் சொல்லுதல், பெறுபவர் ஏற்றல், பொருள் அவர் கைவசம் ஒப்படைக்கப்படுதல் ஆகிய மூன்றும் அதில் அமைய வேண்டும். இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, முஸ்லிம்களின் ஹிபாவுக்கு நம் ஷரீஅத் விதிகளையே விட்டுவைத்துள்ளது.

கொடுத்ததைத் திரும்பப் பெறலாமா? கடலோர ஊர்களில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில், பிள்ளையின் உடைமையில் அப்பொருள் இருக்கும் வரை தந்தை அதைத் திரும்பப் பெற அனுமதியுண்டு. உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் பின்பற்றப்படும் ஹனஃபீ மத்ஹபில், தம் பிள்ளைக்குக் கொடுத்து ஒப்படைத்துவிட்டதைத் திரும்பப் பெற முடியாது. இவ்வேறுபாட்டை அறியாமல் கையெழுத்திட்டுவிட்டுப் பின்னர் வருந்துவோரை நாம் கண்டிருக்கிறோம்.

இந்தியாவில் 2007இல் இயற்றப்பட்ட பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவும் தெரிந்திருக்க வேண்டியது. தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் சொத்தைக் கொடுத்த மூத்தவர், அது நிறைவேறாதபோது தீர்ப்பாயத்தை அணுகி அம்மாற்றத்தைச் செல்லாததாக்கலாம். அந்நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருப்பது பாதுகாப்பானது. ஆயினும் பெற்றோர் தீர்ப்பாயத்தின் படியேறும் நிலை வருவதற்கு முன், அவர்களுக்கென ஒரு கூரையைத் தனியே வைத்துக்கொள்வதே சிறந்தது. நம் பெரியவர் தம் சேமிப்பைக் கடைசி வரை தொடாமல் வைத்திருந்ததன் பொருள் அப்போதுதான் நமக்கு விளங்கியது.

இரண்டு அறைகள்

அந்த ஓட்டு வீட்டைச் சீர்செய்யும்போது நாமும் சிலமுறை சென்று பார்த்தோம். முழங்கால் உயரத்துக்கு இருந்த வாசல் படிகளை உடைத்துச் சாய்தளமாக்கினார். அறைகளுக்கு நடுவிலிருந்த நிலைப்படியைத் தரையோடு சமமாக்கினார். கொல்லையின் கோடியிலிருந்த கழிப்பறையை வீட்டுக்குள் கொண்டுவந்து, உட்கார்ந்தெழ வசதியாக மேற்கத்திய இருக்கையும், சுவரில் கைப்பிடியும், வழுக்காத சொரசொரப்பான தரையும் அமைத்தார். ஒளூச் செய்யும் குழாயடியில் அமர்வதற்கு ஒரு திண்டு கட்டினார். கிப்லாத் திசையில் இருந்த சுவரை அலமாரி எதுவும் மறைக்காமல் விட்டுவிட்டார்.

பெரிய வீட்டிலிருந்து வந்த பொருள்கள் மிகச் சில. தேக்குக் கட்டிலும் பெரிய பித்தளை அண்டாக்களும் மகள்களிடமே தங்கிவிட்டன. தம் தாயார் ஓதிய குர்ஆனையும், அதை வைக்கும் மரப் பலகையையும் மட்டும் அவர் தம் கையாலேயே எடுத்து வந்தார். புதிய வீட்டின் பத்திரத்தைத் தம் பெயரிலும் துணைவியார் பெயரிலும் சேர்த்தே பதிவு செய்தார். தமக்குப்பின் தம் பங்கு வாரிசுரிமைச் சட்டப்படி அனைவருக்கும் போகட்டும் என்று மகள்கள் இருவரையும் அமர்த்திச் சொன்னார்.

குடிபுகுந்த அன்று மவ்லிதோ விருந்தோ வைக்கவில்லை. அண்டை வீட்டார் நால்வருக்கு மட்டும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனர். மஃரிபுக்குப் பின் இரண்டு மகள்களும் பிள்ளைகளோடு வந்துவிட்டார்கள். இரண்டு அறைகளிலும் உட்கார இடம் போதவில்லை. பிள்ளைகள் புதிய சாய்தளத்தில் வரிசையாக அமர்ந்துகொண்டனர். ஊர் பேசிய பேச்சு அன்றோடு ஓய்ந்தது.

நம் வாசகர்களில் பிள்ளைகளாக இருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் பெற்றோர் சிறிய வீடொன்றை நாடினால், அதை உங்களுக்கு நேர்ந்த பழியாகக் கருதாதீர்கள். உடன் சென்று, படியையும் கழிப்பறையையும் பாருங்கள். பெற்றோராக இருப்போருக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளுக்குக் கொடுங்கள், நீதமாகக் கொடுங்கள், எழுத்தில் கொடுங்கள், உங்களுக்கென ஒரு கூரையை வைத்துக்கொண்டு கொடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் பரக்கத்தையும், நம் முதுமையில் கண்ணியத்தையும், மறுமையில் நிலையான இல்லத்தையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.