எக்ஸ்-33 தொட்டியும் குளிரின் கணக்கும்

1999 நவம்பர் 3 அன்று, அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில் நகரிலுள்ள நாசாவின் மார்ஷல் மையத்தில், எக்ஸ்-33 விண்கலத்துக்கான திரவ ஹைட்ரஜன் தொட்டி சோதனையில் சிதைந்தது. தேன்கூடு போன்ற அறைகளின் இருபுறமும் கார்பன் இழை அடுக்குகளாலான தோலை ஒட்டிச் செய்த சுவர் அதற்கு. −253 டிகிரி செல்சியஸ் குளிரையும் அழுத்தத்தையும் தாங்கி நின்ற தொட்டியில், எரிபொருளை வடித்த பிறகுதான் வெளித்தோல் பெயர்ந்தது. 2001 மார்ச்சில் திட்டமே கைவிடப்பட்டது. நாசா மட்டும் 90 கோடி டாலருக்கு மேல் செலவிட்டிருந்தது. கார்பன் இழை கடுங்குளிருக்கு ஆகாது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடலாம். ஆனால் அந்தத் தொட்டி சொல்வது வேறு: ஒரு பொருளின் வலிமையும், விரிசலை அது எதிர்க்கும் திறனும் ஒன்றல்ல; குளிர் இரண்டாவதைத்தான் சோதிக்கிறது.

கார்பன் இழை குளிரில் தன் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. அதைப் பிணைக்கும் எபாக்சி பிசினோ நன்றாகச் சுருங்கும். இழைகள் வெவ்வேறு திசையில் ஓடும்படி அடுக்கி, சுமார் 180 டிகிரி சூட்டில் இறுக வைக்கிறார்கள். அங்கிருந்து திரவ ஹைட்ரஜனின் குளிருக்கு இறங்கும்போது 430 டிகிரி இடைவெளி. ஒவ்வோர் அடுக்கும் குறுக்கே சுருங்கப் பார்க்கிறது, பக்கத்து அடுக்கின் இழைகள் விடுவதில்லை. அடிமண் பிடித்துக்கொள்ள மேல்மண் மட்டும் வறண்டால் வயல் வெடிப்பதும் இப்படித்தான். குளிரில் பிசினின் நெகிழ்வும் போய்விடுவதால் அடுக்குக்குள் நுண்விரிசல்கள் ஓடுகின்றன. இழை அறுவதில்லை, இழுவலிமை பெரிதாகக் குறைவதுமில்லை. ஆனால் ஹைட்ரஜனுக்கு வழி திறந்துவிடுகிறது. எக்ஸ்-33-இல் உட்தோலின் விரிசல் வழியே ஹைட்ரஜனும், வெளிப்புறத்திலிருந்து நைட்ரஜனும் தேன்கூட்டுக்குள் புகுந்தன. தொட்டி சூடேறியபோது, வெளியேற வழியின்றி விரிந்த வாயு தோலை நெம்பிப் பிரித்தது.

தயாரிப்புக் குறைகளும் வலுவற்ற ஒட்டும்தானே காரணம் என்று கேட்கலாம். விசாரணை அவற்றையும் காரணங்களாகச் சொன்னது உண்மை. ஆனால் சோதனை முழுவதும் தாங்கிய அதே ஒட்டு, உள்ளே வாயு அழுத்தம் ஏறிய பிறகுதான் விட்டது. அந்த வாயு நுழைந்த வழியைத் திறந்தது குளிர். 1996-இல் டிசி-எக்ஸ்ஏ ராக்கெட் இதே வகைப் பொருளாலான ஹைட்ரஜன் தொட்டியுடன் பறந்ததே என்பது அடுத்த கேள்வி. அந்தத் தொட்டியின் உட்புறத்தில் வெப்பக்காப்பு இருந்தது. முழுக்குளிர் அடுக்குகளைத் தொடவில்லை. ஆகவே அந்த வெற்றி இந்த வாதத்துக்கே துணை நிற்கிறது.

2014-இல் அதே மார்ஷல் மையத்தில், போயிங் செய்த 5.5 மீட்டர் விட்டமுள்ள கார்பன் இழைத் தொட்டி திரவ ஹைட்ரஜன் சோதனையில் தேறியது. அதன் சுவரில் மெல்லிய அடுக்குகளையும் கலந்திருந்தார்கள். அடுக்கு மெலிந்தால், விரிசல் ஓடும்போது விடுபடும் ஆற்றலும் குறையும். அதனால் விரிசல் பரவத் திணறும். இழையும் பிசினும் குளிரில் இழுபறி செய்வது அப்போதும் நிற்கவில்லை. அந்த இழுபறியைக் கணக்கில் எடுத்து அடுக்கியதே வெற்றிக்கு வழி செய்தது.