சேணப்பையில் வந்த குழந்தைகள்

முதிர்ந்த வயதில் எலிசபெத் கருவுற்றிருக்கும் செய்தியை அறிந்ததும் மரியா மலைநாட்டுக்கு விரைந்து சென்றார் என்று லூக்கா எழுதுகிறார். அங்கே ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார் என்பதையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை. விரைந்து சென்றதைப் பற்றி நாம் எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். தங்கியதைப் பற்றி அவ்வளவாக எண்ணிப் பார்த்ததில்லை. பேறுகாலத்தை எதிர்நோக்கியிருக்கும் ஒரு பெண்ணுக்கு, வந்து வாழ்த்திவிட்டுப் போகிறவரைவிட உடன் தங்குகிறவரே தேவை. இவ்வுண்மையைத் தன் வரலாற்றால் விளக்கிக் காட்டிய ஒரு மலைநாட்டைப் பற்றி இங்கே சிந்திப்போம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கென்டக்கி மாநிலத்தில், அப்பலாச்சிய மலைத்தொடரின் மடிப்புகளுக்குள் லெஸ்லி என்றொரு கவுண்டி உண்டு. கவுண்டி என்பது நம் வட்டத்தைப் போன்றதோர் ஆட்சிப் பிரிவு. பரப்பு ஏறத்தாழ 400 சதுர மைல். 1920-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்ந்தவர்கள் பத்தாயிரம் பேருக்குச் சற்று மேல். மலைச்சரிவில் மக்காச்சோளம் விளைத்தும், காட்டு மரம் வெட்டியும் பிழைத்த எளிய மக்கள். மோட்டார் வண்டி செல்லத்தக்க சாலை இல்லை. ஓடைப் படுகைகளே பாதைகள். மழைக்காலத்தில் அவையும் மறைந்துவிடும். அரசின் உரிமம் பெற்ற மருத்துவர் ஒருவர்கூட அக்கவுண்டியில் குடியிருக்கவில்லை.

இந்நாட்டை நாடி வந்தவர் மேரி பிரெக்கின்ரிட்ஜ். 1881-இல் புகழ்பெற்ற குடும்பமொன்றில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் ஜான் பிரெக்கின்ரிட்ஜ் அமெரிக்காவின் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவர். செல்வத்துக்குக் குறைவில்லை, ஆனால் துயரத்துக்கும் குறைவில்லை. முதல் கணவர் 1906-இல் இறந்தார். அதன்பின் அவர் நியூயார்க்கில் செவிலியர் பயிற்சி பெற்று 1910-இல் தேறினார். மறுமணத்தில் பிறந்த பெண்மகவு 1916-இல் பிறந்த சில மணி நேரத்திலேயே கண்மூடியது. மகன் பிரெக்கி நான்கு வயது நிரம்பிய சில நாள்களில், 1918 ஜனவரியில் இறந்தான். அந்த மணவாழ்வும் முறிந்தது. எஞ்சிய தம் வாழ்நாளைப் பிறர் குழந்தைகளுக்கு ஈவதென அவர் உறுதி பூண்டார். தம் துயரத்தையே பிறருக்கான கடனாக மாற்றிக்கொள்ளும் இத்தகைய உள்ளங்களை நம் பங்குகளிலும் நாம் கண்டிருக்கிறோம்.

முதல் உலகப் போருக்குப் பின், பாழ்பட்ட பிரான்சின் கிராமங்களில் அவர் தொண்டாற்றினார். அங்கே ஒன்றைக் கண்டார். பிரெஞ்சு மருத்துவச்சிகள் பேறு பார்க்க அறிந்திருந்தனர். பொதுவான நோயாளர் பணிவிடையில் அவர்களுக்குப் பயிற்சி இல்லை. அமெரிக்கச் செவிலியர் நோயாளரைப் பேண அறிந்திருந்தனர். பேறு பார்க்கக் கற்றிருக்கவில்லை. இங்கிலாந்திலோ இரண்டையும் கற்ற பெண்கள் இருந்தனர். தொலைவில் வாழும் ஏழைத் தாய்க்கு இவ்விரு திறமும் ஒருவரிடமே அமைந்திருக்க வேண்டும் என்று அவர் தெளிந்தார். ஆகவே தாமே இங்கிலாந்து சென்று மருத்துவச்சியாகப் பயின்று சான்றிதழ் பெற்றார். 1924-இல் ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களுக்கும் தீவுகளுக்கும் சென்று, 1913-இலிருந்து அங்கே நடைபெற்றுவந்த அரசு மருத்துவப் பணியை நேரில் கற்றார். சிதறிக் கிடக்கும் குடிகளுக்கிடையே செவிலியரைக் குடியமர்த்தும் முறை அது.

ஆனால் இதற்கெல்லாம் இடையில், 1923-ஆம் ஆண்டுக் கோடையில் அவர் செய்த செயலையே நாம் பெரிதாக மதிக்கிறோம். லெஸ்லியையும் அதனையொத்த வேறு இரு கவுண்டிகளையும் குதிரை மீதும் கோவேறு கழுதை மீதும் ஏறக்குறைய 650 மைல் சுற்றி வந்தார். அம்மலைகளில் பேறு பார்த்துவந்த 53 நாட்டு மருத்துவச்சிகளைத் தேடிச் சென்று உரையாடினார். பெரும்பாலோர் வயது முதிர்ந்தவர்கள். முறையான பயிற்சி இல்லாதவர்கள். நோவை வெட்டும் என்று நம்பிக் கட்டிலின் கீழே கோடரி வைக்கும் வழக்கம் அப்பலாச்சிய மலைகளில் இருந்தது. ஆயினும் கூப்பிட்ட வீட்டுக்கு இரவென்றும் பனியென்றும் பாராமல் நடந்து சென்றவர்கள் அம்மூதாட்டிகளே. அவர்களுடைய அறியாமையை எண்ணி நகைப்பதற்கு நமக்கு உரிமையில்லை. வேறு எவரும் வராத இடத்துக்கு அவர்கள் வந்தார்கள்.

1925 மே மாதம் தாய்சேய் நலத்துக்கான குழுவொன்று கென்டக்கியில் அமைந்தது. 1928-இல் அது எல்லைப்புறச் செவிலியர் பணி என்று பெயர் மாற்றம் பெற்றது. பணியைத் தொடங்குமுன் வீடுவீடாகச் சென்று பிறப்பையும் இறப்பையும் கணக்கெடுக்கச் செய்தார் மேரி. யார் பிறந்தார், யார் இறந்தார் என்பதை ஒழுங்காக எவரும் குறித்துவைக்காத நாடு அது. எண்ணப்படாதவர்களை முதலில் எண்ணவேண்டும் என்பது அவர் கொள்கை. காணாமற்போன ஓர் ஆட்டைத் தேட வேண்டுமானாலும், மந்தையில் எத்தனை ஆடுகள் இருந்தன என்று ஆயனுக்குத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

அதே ஆண்டு செப்டம்பரில், கவுண்டியின் தலைமை ஊராகிய ஹைடனில் முதல் மருந்தகம் திறக்கப்பட்டது. ஆற்றங்கரையில், வெண்டோவர் என்னுமிடத்தில் மேரி மரவீடு ஒன்றைக் கட்டி அங்கேயே குடியேறினார். பிறகு மலையிடுக்குகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் செவிலியர் நிலையங்கள் எழுந்தன. எந்த வீட்டுக்கும் ஐந்தாறு மைலுக்குள் ஒரு செவிலியர் இருக்கவேண்டும் என்பதே அவற்றை அமைத்த கணக்கு. நிலையத்துக்கு வேண்டிய நிலமும் மரமும் உழைப்பும் அவ்வவ்வூர் மக்களிடமிருந்து வந்தன. ஊரார் குழுக்கள் மேற்பார்வையில் துணை நின்றன. பேறு பார்க்கக் கட்டணம் 5 டாலர். குடும்பம் முழுமைக்கும் பொதுவான பணிவிடைக்கு ஆண்டுக்கு 1 டாலர். கையில் காசு இல்லாதவர் கோழியாகவும் தீவனமாகவும் உடலுழைப்பாகவும் செலுத்தலாம். எடுத்த எடுப்பில் இலவசம் என்று சொல்லி ஏழையின் தன்மானத்தைப் புண்படுத்தாத இந்த முறை, அறப்பணி செய்யும் நம் அமைப்புகள் எண்ணிப்பார்க்கத் தக்கது.

செவிலியர் குதிரை மீது சென்றனர். குதிரையின் இருபுறமும் தொங்கும் சேணப்பைகளில் பேறுகாலக் கருவிகளும் மருந்துகளும் இருக்கும். வெள்ளம் பெருகிய ஆற்றைக் குதிரையோடு கடந்து, பனியுறைந்த பாறைகளில் வழுக்கி, நள்ளிரவில் விளக்கெரியும் குடிலைத் தேடிச் செல்வார்கள். குழந்தை எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் சிறுவர்க்கு, செவிலியரின் சேணப்பையிலிருந்து வருகிறது என்று மலைமக்கள் விடை சொன்னார்களாம். அந்தப் பையில் குழந்தை மட்டுமா வந்தது? குடற்காய்ச்சலுக்கும் தொண்டை அடைப்பானுக்கும் எதிரான தடுப்பூசி வந்தது. கொக்கிப்புழுவுக்கு மருந்து வந்தது. கிணற்றை மூடிவைக்கவும் கழிப்பிடம் அமைக்கவும் அறிவுரை வந்தது. கருவுற்ற தாயைப் பேறுக்கு முன்பே பலமுறை கண்டு, பேறுக்குப் பின்னும் நாள்தோறும் சென்று பார்ப்பது அவர்கள் ஒழுங்கு. தங்கள் திறமைக்கு மீறியது எது என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். லெக்சிங்டன் நகர மருத்துவர்கள் எழுதித்தந்த நெறிமுறைகளின்படியே நடந்தனர். 1928 ஜூனில் ஹைடனில் சிறு மருத்துவமனை ஒன்றும் திறக்கப்பட்டது.

பயன் என்ன? பெரிய ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் புள்ளியியல் அறிஞரான லூயி டப்ளின், முதல் ஆயிரம் பேறுகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 1932-இல் முடிவை வெளியிட்டார். கருவுற்றதாலோ பேற்றினாலோ நேரடியாக இறந்த தாய் ஒருவர்கூட இல்லை. அக்காலத்தில் அமெரிக்கா முழுவதிலும் ஆயிரம் பேறுகளுக்கு ஆறேழு தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தனர். நாடெங்கும் இத்தகைய பணி கிடைக்குமானால் ஆண்டுதோறும் பத்தாயிரம் தாய்மார்கள் உயிர் தப்புவர் என்று அவர் கணித்தார். மாடமாளிகை மருத்துவமனைகள் நிறைந்த நகரங்களைவிட, சாலையே இல்லாத இந்த மலையில் தாய்மார்கள் பத்திரமாக இருந்தார்கள். வியப்புத்தான். ஆனால் காரணம் மறைபொருள் அன்று. ஒருவர் அருகிலேயே குடியிருந்தார், அவ்வளவே.

இவ்விடத்தில் கத்தோலிக்கராகிய நாம் நம் வரலாற்றையும் திரும்பிப் பார்ப்பது முறை. மேரி கத்தோலிக்கர் அல்லர். அவர் மருந்தகம் திறந்த அதே 1925 செப்டம்பரில், ஆஸ்திரிய நாட்டு மருத்துவரான அன்னா டெங்கல், மருத்துவ மறைப்பணிக்கென்று பெண்களுக்கான சபையொன்றை வாஷிங்டனில் நிறுவினார். இராவல்பிண்டியில் அவர் பணிபுரிந்தபோது, ஆண் மருத்துவரிடம் காட்டமுடியாமல் பெண்கள் பேறுகாலத்தில் மடிவதைக் கண்டவர் அவர். அவருக்கு வழிகாட்டியாக விளங்கிய ஸ்காட்லாந்து மருத்துவர் ஆக்னெஸ் மக்லாரன், பெண் துறவியர் மருத்துவம் புரிய இசைவு வேண்டி உரோமையிடம் மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தவர். 1913-இல் அந்த இசைவைக் காணாமலே இறந்தார். அக்காலத் திருச்சபை ஒழுங்குகள் துறவியர் மருத்துவத்திலும் பேறுகாலப் பணியிலும் ஈடுபடுவதைத் தடுத்திருந்தன. 1936 பிப்ரவரி 11 அன்று, லூர்து அன்னையின் திருநாளில், விசுவாசப் பரப்புதலுக்கான உரோமைப் பேராயம் வெளியிட்ட அறிவுரையே அத்தடையை நீக்கியது. தூய்மையைக் காக்க எண்ணி வகுத்த ஒழுங்கு, தாய்மார்களின் உயிர் காக்கும் கைகளைக் கட்டிவைத்திருந்தது. திருச்சபை அதை உணர்ந்து திருந்தியது நமக்கு நன்றிக்குரியது. காலம் தாழ்ந்தது வருந்துதற்குரியது. இரண்டையும் மறைக்காமல் சொல்வதே அன்னையாம் திருச்சபைக்கு மக்கள் செய்யும் மரியாதை.

மேரியின் பணியிலும் நிழல்கள் உண்டு. கறுப்பின மக்களைத் தாழ்வாக எண்ணும் தம் குடியின் தப்பெண்ணத்திலிருந்து அவர் விடுபடவில்லை. மலைமக்களின் நாட்டு மருத்துவச்சிகளுக்கு அவர் தம் திட்டத்தில் இடம் வைக்கவும் இல்லை. ஒரு வாசல் வழியே உள்ளே வந்த அன்பு, வேறொரு வாசலைச் சாத்தியே வைத்திருந்தது. புனிதராக்கி வணங்கவும் வேண்டாம், குற்றங்கண்டு எறியவும் வேண்டாம். 1931-இல் குதிரையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தபின்னும் தளராமல், 1965 மே மாதம் வெண்டோவரிலேயே இறக்கும்வரை அம்மக்களோடு தங்கியிருந்தார் என்பது உண்மை. 1939-இல் போர் மூண்டு பிரிட்டிஷ் மருத்துவச்சிகள் தாயகம் திரும்பத் தொடங்கியபோது, அவ்விடத்திலேயே மருத்துவச்சியர் பள்ளியொன்றைத் தொடங்கினார் என்பதும் உண்மை. அதுவே இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்து, அம்மாநிலத்தின் வெர்சேல்ஸ் நகரிலிருந்து இயங்குகிறது.

கதை இங்கே முடிந்திருந்தால் நம் மனம் நிறைந்திருக்கும். ஆனால் 1970 டிசம்பர் 30 அன்று, ஹைடனுக்கு அருகே இருந்த நிலக்கரிச் சுரங்கமொன்றில் கரித்தூள் வெடித்து 38 பேர் இறந்தனர். சுரங்கத் தொழிலாளரின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் காக்கும் கடுமையான சட்டம் கையொப்பமாகிச் சரியாக ஓராண்டு ஆகியிருந்த நாள் அது. விதிகள் தடைசெய்திருந்த வெடிபொருளைப் பயன்படுத்தியதே காரணம் என்று விசாரணையில் வெளியாயிற்று. இறந்தவர்களுள் சிலர் அந்தச் செவிலியரின் கைகளிலேயே முதல் மூச்சு விட்டவர்களாக இருந்திருக்கலாம். வெள்ளத்தையும் பனியையும் தாண்டிக் காப்பாற்றிய உயிரை, பேராசையும் கவனமின்மையும் ஒரு நொடியில் பறித்துக்கொண்டன. கரித்தூள் நுரையீரலை அரிக்கும் நோய் வேறு பலரை மெல்ல மெல்லக் கொன்றது. பின்னாளில் சுரங்கங்கள் மூடியபோது வேலையும் போயிற்று. வலி நீக்க வந்த மாத்திரைகளே போதையாகிப் பல குடும்பங்களைக் குலைத்தன. கிழக்குக் கென்டக்கியின் பல கவுண்டிகளில் மக்களின் சராசரி ஆயுள் அமெரிக்காவிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்றாக இருக்கிறது. அந்நாட்டுக் கிராமக் கவுண்டிகளுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் இன்று பேறு பார்க்கும் மருத்துவமனையே இல்லை.

இதனால் செவிலியர் பணி வீணாயிற்று என்று நாம் சொல்லமாட்டோம். பிறக்கும்போது காக்கப்பட்ட உயிர், வளர்ந்தபின்னும் காக்கப்படவேண்டும் என்பதே இது தரும் பாடம். தொட்டிலருகே காட்டும் இரக்கமும் தொழிலிடத்தில் கேட்கும் நீதியும் ஒன்றையொன்று விட்டு நிற்கமுடியாது. கருவிலிருக்கும் குழந்தையின் உயிரைப் பற்றி நாம் உறுதியோடு பேசுகிறோம், பேசவேண்டும். அக்குழந்தையின் தந்தை என்ன வேலைக்குப் போகிறார், எந்தத் தூசியைச் சுவாசிக்கிறார், மாலையில் பத்திரமாகத் திரும்புகிறாரா என்று கேட்பதும் அதே உறுதியின் மறுபாதி.

நம் பங்கில் இவ்வாண்டு எத்தனை குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது என்று பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். அவர்களுள் யாருடைய தாய் பேறுகாலத்தில் துணையின்றித் தவித்தார், யாருடைய தந்தை இருமிக்கொண்டே வேலைக்குச் செல்கிறார் என்பது எந்தப் பதிவேட்டிலும் இராது. அதை அறிய அவ்வீட்டுத் திண்ணையில் சற்று நேரம் உட்கார வேண்டும். மரியா எலிசபெத்தின் வீட்டில் மூன்று மாதம் என்ன செய்தார் என்று நற்செய்தி கூறவில்லை. தண்ணீர் எடுத்திருப்பார்; அடுப்பு மூட்டியிருப்பார்; இரவில் விழித்திருப்பார் என்று நாமே உய்த்துணரலாம். அவர் பாடிய புகழ்ப்பாவை நாள்தோறும் மாலையில் திருச்சபை செபிக்கிறது. அவர் தங்கிய அந்த மூன்று மாதத்தைத் தொடர்வது நம் கையில் இருக்கிறது.